அறைக் காற்றும் பொதுச் சட்டமும்

பாலில் நீர் கலந்து விற்பவன் தண்டிக்கப்படுகிறான். குடிநீர்க் குழாயில் சாக்கடை நீர் கலந்துவிட்டால் ஊரார் திரண்டு நகரசபையின் வாயிலில் நிற்கின்றனர். உணவுப் பொருளிற் கலப்படஞ் செய்வதைத் தடுக்க நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் அதனினும் விரிந்ததொரு சட்டம் அதற்கு மாற்றாக வந்தது. இவையெல்லாம் முறையே. ஆயினும், வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உண்பது ஒன்றிரண்டு கிலோ. பருகுவது இரண்டு மூன்று லிட்டர். அவர் உள்ளிழுத்து வெளிவிடும் காற்றோ ஏறக்குறைய 11,000 லிட்டர். உணவைச் சுவைத்துப் பார்த்து வேண்டாவென ஒதுக்கலாம். நீரைக் காய்ச்சி வடிகட்டலாம். காற்றையோ கைக்கெட்டியதை அப்படியே ஏற்றுக்கொள்வதன்றி வேறு வழியில்லை. அதிலும் பெரும்பகுதியை நாம் கூரையின் கீழிருந்தே சுவாசிக்கிறோம். அமெரிக்க நாட்டில் எடுக்கப்பட்டு 2001-இல் வெளியான கணக்கொன்று, ஆங்குள்ளோர் தம் காலத்தில் நூற்றுக்கு 87 பங்கைக் கட்டடங்களுக்குள்ளேயே கழிப்பதாகக் கூறுகிறது. நம் நாட்டில் அவ்வளவு இராது. எனினும் திண்ணையும் முற்றமும் மறைந்து, அடுக்கு மாடிகளும் அடைத்த கூடங்களும் பெருகி வருதலின், நாமும் அக்கணக்கை நோக்கியே சென்றுகொண்டிருக்கிறோம்.

இக்காற்றைக் காக்கச் சட்டம் உண்டோவெனின், வாயிற்படி வரையில் உண்டு. அதற்கு இப்பால் இல்லை. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் புகைபோக்கிகளையும் ஆலைகளையும் நோக்கி எழுந்தது. அதன்படி 2009-இல் விதிக்கப்பட்ட அளவுகள் பன்னிரண்டு மாசுகளைப் பற்றியன. அவற்றுள் ஒன்று, 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூள், ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாட் சராசரியாக 60 மைக்ரோகிராமையும், ஓராண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமையும் கடத்தலாகாது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய அளவு முறையே 15-ம் 5-மே. நம் அளவு தளர்ந்ததாயினும், ஓர் அளவு என்ற மட்டில் நன்றே. ஆனால் அளக்குங் கருவிகள் நிற்பது சாலையோரங்களிலும் மாடிகளின் மேலும். மாடியின் கீழே, அதே கட்டடத்தின் அறையில், நாற்பது பேர் என்ன சுவாசிக்கின்றனர் என்று கேட்க எவ்வதிகாரிக்கும் கடமையில்லை. காற்றுக்கு மட்டும் வாயிற்படி தெரியுமோ?

முதற்கண் அடுக்களையை நோக்குவோம். கேடு மிகுந்த இடம் அதுவே. கர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் 1980-களின் தொடக்கத்தில் குஜராத்தின் சில கிராமங்களுக்குச் சென்று, அடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றைக் கருவிகொண்டு அளந்தார். காற்று மாசு என்றால் நகரத்து ஆலைப் புகை என்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது. ஆலையே காணாத ஊர்களில், விறகும் வறட்டியும் எரியும் சிற்றறைகளில், நகரத் தெருவினும் பன்மடங்கு புகை இருத்தலை அவர் எடுத்துக் காட்டினார். சென்னைப் போரூரில் கல்பனா பாலகிருஷ்ணன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் பின்னர்த் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் இவ்வாராய்ச்சியை வளர்த்தனர். வீட்டுப் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தனரென்றும், அவருள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கு மேற்பட்டோரென்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மாரின் கையால் உண்டு வளர்ந்தவர் நம்முள் பலர். அப்புகை கண்ணோடு நின்றுவிடுகிறதென்று எண்ணியிருந்தோம்.

2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஏழை இல்லங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன. இது பெரிய செயல். இதனைக் குறைத்துப் பேசுதல் நன்றன்று. ஆனால் இணைப்பு வேறு, எரிதல் வேறு. உருளை தீர்ந்தபின் மீண்டும் வாங்கப் பணமில்லாத இல்லத்தில் பழைய அடுப்பு மூலையிலிருந்து திரும்பி வருகிறது. இன்னுமொன்று. தமிழ்நாடு, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களிற் கருவுற்ற பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளித்து ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. அவர்கள் சுவாசித்த நுண்தூள் வெகுவாய்க் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த உயர்வு இல்லையென்று 2022-இல் வெளியான முடிவு கூறிற்று. இதனைக் காட்டி, புகையால் தீங்கில்லையெனச் சிலர் வாதிக்கக் கூடும். நாம் கொள்ளும் பொருள் அதுவன்று. பல்லாண்டு புகையில் வளர்ந்த உடலுக்குச் சில மாதத் தூய காற்று முழு மருந்தாகாது. அடுப்பை மாற்றியதோடு அரசாங்கத்தின் கடமை தீர்ந்ததென்பதும் ஒவ்வாது.

அடுப்பு ஒன்றுதானோ? கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து தீருங்கால் வெளிவரும் நுண்தூள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு ஈடாகுமென்று 2003-இல் ஓர் ஆராய்ச்சி அறிவித்தது. பிள்ளைகளுக்கு நலமென்றெண்ணி அவர்தம் தலைமாட்டிலேயே அதனை ஏற்றி வைத்துக் கதவைச் சார்த்துகிறோம்! நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறைக்குள் அடுப்புக் கரியை மூட்டி உறங்கினோர் காலையில் எழாத செய்தியைப் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கிறோம். நமது இரசாயன சாலையில் கிப் கருவியிலிருந்து வெளிவரும் வாயுவை மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாம் மாடியிலிருப்போரும் முகஞ் சுளிப்பர். கார்பன் மோனாக்ஸைடுக்கோ மணமுமில்லை, நிறமுமில்லை. இத்தகைய வாயுவைத் தெரிந்து விலகுக என்று தனி மனிதருக்குச் சொல்வதிற் பயன் யாது?

நிற்க. வீட்டை விட்டுப் பலர் கூடும் அறைகளுக்கு வருவோம். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வாழ்ந்த பெட்டன்கோபர் என்னும் பேராசிரியர் 1858-இல் ஓர் எளிய வழி கூறினார். மனிதர் மூச்சில் விடும் கரியமில வாயு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்று அளந்தால், அவ்வறையின் காற்று எவ்வளவு பழையது என்பது விளங்கும்; பத்து லட்சம் பங்கில் 1,000 பங்குக்கு மேற்பட்டால் அவ்வறை இருத்தற்குத் தக்கதன்று என்றார். அவ்வாயு அவ்வளவில் நஞ்சென்று அவர் கூறவில்லை. பிறர் மூச்சை நாம் எவ்வளவு பங்கிட்டுக் கொள்கிறோம் என்பதற்கு அஃது ஓர் அடையாளம். (இவரே பின்னர் 1892-இல், காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணமன்று எனக் காட்ட அக்கிருமியைத் தாமே பருகிய பிடிவாதக்காரர்! அங்கே பிழைத்தாரேயன்றி வெல்லவில்லை. அறைக் காற்றிலோ இன்றளவும் அவர் எண்ணே பல நாடுகளில் நிற்கிறது.)

மாணவ நண்பர்கள் பின்வரும் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒன்பது மீட்டர் நீளமும், ஏழு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறை 189 கன மீட்டர் காற்றைக் கொள்ளும். அதில் அறுபது பேர் அமர்ந்திருக்கின்றனர். அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவர். வெளிக்காற்றில் அவ்வாயு இப்போது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. காற்றுப் புக இடமின்றி அறை அடைபட்டிருப்பின், பெட்டன்கோபரின் 1,000 பங்கை எட்டுவதற்கு ஏழு நிமிடம் வேண்டா. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசித்து முடிக்கும் நேரம் அது! கதவிடுக்கும் சாளர இடுக்கும் உண்டாதலின் உண்மையில் இவ்வளவு விரைவில் நேராது. ஆயினும் ஐம்பது நிமிட வகுப்பின் இறுதியில் அக்காற்று எந்நிலையில் இருக்குமென்பதை ஊகித்துக் கொள்ளலாம். பிற்பகல் வகுப்பில் உறங்குவோர் அனைவரையும் சோம்பேறிகளென்று கடிந்துகொள்ளும் ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

குளிர்சாதனம் வந்தபின் இது பெருகியதேயன்றிக் குறையவில்லை. சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனம் வெளியிலிருந்து காற்றைக் கொணர்வதன்று. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் விடுவது. குளிர்ச்சியைத் தூய்மையென்று மயங்கிச் சாளரங்களை ஆணியடித்து மூடுகிறோம். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் சீன நாட்டுக் குவாங்சௌ நகரில், சாளரமற்ற உணவு விடுதியொன்றில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உண்ட மூன்று குடும்பத்தாருள் பத்துப் பேர் கோவிட் நோயுற்றனர். குளிர்சாதனத்தின் காற்றோட்டம் அம்மூன்று மேசைகளையும் சுற்றியே வந்ததென்றும், புதுக்காற்று ஏறக்குறைய வரவேயில்லையென்றும் பின்னர்த் தெரிந்தது. கோவிடை மறந்தாலும் காசநோயை மறத்தற்கில்லை. காற்றிற் பரவும் அந்நோயினர் உலகில் நால்வருள் ஒருவர் நம் நாட்டினர்.

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் அறைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவொன்று நம் போன்ற பழங் கலாசாலையாருக்குப் பெருமகிழ்ச்சி தரத் தக்கது. கதவு சாளரங்களைத் திறந்துவைத்தபோது மணிக்கு 28 முறை அறைக் காற்று மாறிற்று. இயந்திரங் கொண்டு காற்றோட்டம் அமைத்த அறைகளிலோ 12 முறையே. அதிலும் ஐம்பதாண்டுகட்கு முற்பட்ட, உயர்ந்த கூரையும் அகன்ற சாளரமும் உடைய பழங்கட்டடங்கள் 40 முறை மாற்றின. புதியன 17 முறை. உயர்ந்த மோடும், எதிரெதிர்ச் சாளரமும், மேலே வெண்டிலேட்டரும், சுற்றித் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய பழைய கொத்தனார்கள் இக்கணக்கை அறியார். ஆயினும் காற்றை அறிந்திருந்தனர். நம் ஊர்களில் அத்தகைய கூடங்களின் நடுவே பலகை அடைத்து, கூரையைத் தாழ்த்தி, குளிர்சாதனம் பொருத்தி, 'நவீனமாக்கினோம்' என்று பெருமை பேசுவாரைக் காணுந்தோறும் வருந்துகிறோம்.

இவ்வளவுக்கும் சட்டம் எதற்கு, அறிவுரை போதாதோ என்று கேட்பாருமுளர். போதாது. ஏனெனில், காற்றைச் சுவாசிப்பவர் ஒருவர். சாளரத்தின் சாவி இருப்பது வேறொருவர் கையில். மாணவர் வகுப்பறையைக் கட்டவில்லை. நோயாளி மருத்துவமனையின் கூடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண், கண்ணாடிச் சுவரை உடைத்தற்கில்லை. எங்கே துன்புறுபவர் வேறாகவும் தடுக்க வல்லவர் வேறாகவும் இருக்கின்றனரோ, அங்கே சட்டம் புகுதல் வேண்டும். இஃது நம் நாட்டிற்குப் புதிதுமன்று. பொது இடங்களிற் புகைபிடித்தல் சட்டத்திற்கு மாறானதென்று கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. 2001-இல் உச்சநீதிமன்றம் நாடெங்கும் அதனைத் தடுத்தது. 2003-இற் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் விதிகள் இறுக்கப்பட்டன. அன்று 'இதை யார் நடத்துவர்' என்று நகைத்தோர் பலர். இன்று பேருந்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் நடத்துநர் வாய்திறக்குமுன் பயணிகளே இறக்கிவிடுகின்றனர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ, அதன்பின் எழும் ஆலைகளில் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 14.2 கன மீட்டர் இடம் இருத்தல் வேண்டுமென்றும், அதைக் கணக்கிடுங்கால் தரைக்கு 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெளியைச் சேர்த்தலாகாதென்றும் விதித்தது. அச்சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. மேலே நாம் கணக்கிட்ட வகுப்பறையில் மாணவருக்கு விழுவது மூன்று கன மீட்டரும் சிறிதுமே. நூல் நூற்பாருக்கு எண்ணிக் கொடுத்த காற்றை நூல் கற்பாருக்கு எண்ணிக் கொடுத்தாரில்லை.

அங்ஙனமாயின் ஒவ்வோர் ஊரும் தன் விதியைத் தானே செய்துகொள்ளட்டுமே என்பது அடுத்த வாதம். இன்றுள்ள குழப்பமே அதுதான். கட்டட விதி நகரசபையிடம், பொதுச் சுகாதாரம் மாநில அரசாங்கத்திடம், ஆலை தொழிற்றுறையிடம், பள்ளி கல்வித்துறையிடம், வெளிக்காற்று மாசு வாரியத்திடம். அறைக் காற்றோ இவர் அனைவரின் இடையே விழுந்து ஒருவர் கையிலும் இல்லை. மேனாட்டிலும் கீழ்நாட்டிலும் இதனை ஒரே சட்டத்திற் கட்டியவர் உளர். ஜப்பானியர் 1970-இலேயே பெருங் கட்டடங்களின் சுகாதாரச் சட்டமியற்றி, கரியமில வாயுவுக்கு 1,000 பங்கை எல்லையாக்கி, இரண்டு மாதத்திற்கொருமுறை அளத்தலைக் கடமையாக்கினர். தென்கொரியர் சுரங்கவழி நிலையங்களிற் தொடங்கிப் பின் பொதுக் கட்டடங்கள் பலவற்றிற்கும் விரித்தனர். தைவான் 2011-இல் தனிச் சட்டமே இயற்றிற்று. பெல்ஜியம் 2022-இல் பொதுமக்கள் புகும் மூடிய இடங்களுக்கு 900 பங்கு என்னும் அளவைக் குறித்தது. 2024-இல் லிடியா மொராவ்ஸ்கா அம்மையாரும் உலகெங்குமுள்ள அறிஞர் பலரும் கூடி, பொதுக் கட்டடங்களுக்குக் கரியமில வாயு 800 பங்கு, நுண்தூள் 15 மைக்ரோகிராம், ஆளொன்றுக்கு நொடிக்கு 14 லிட்டர் புதுக்காற்று என ஒரு வரைவை முன்வைத்தனர். அறுபது பேர் கொண்ட நம் வகுப்பறைக்கு இது மணிக்குப் பதினாறு முறை காற்று மாறுதலாகும். லிமாவின் திறந்த சாளரங்கள் இதற்கு மேலும் கொடுத்தன என்பதை நினைவில் வைக்க.

நம் அரசியலமைப்பில் இதற்கு வழியும் உண்டு. பொதுச் சுகாதாரம் மாநிலங்களுக்குரியது. ஆயினும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டசபைகள் தீர்மானித்துக் கேட்டால் பாராளுமன்றம் அவற்றிற்காகச் சட்டஞ் செய்யலாமென 252-ஆம் பிரிவு கூறுகிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுச் சட்டம் பிறந்தது அவ்வழியிலேயே. 1981-ஆம் ஆண்டுச் சட்டமோ, 1972-இல் ஸ்டாக்ஹோமிற் கூடிய உலக மகாநாட்டின் முடிவை நிறைவேற்ற 253-ஆம் பிரிவின்படி எழுந்தது. நமக்கு முந்திய வழியே மேலாகத் தோன்றுகிறது. மேலிருந்து இறங்கிய விதியினும், தாமே கேட்டுப் பெற்ற விதியை மாநிலங்கள் மதித்து நடத்தும். பொதுச் சுகாதாரத்திற்கென முழுமையானதொரு சட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதல் 1939-இல் இயற்றியது சென்னை மாகாணம். அவ்வழி வந்த சட்டசபை இதிலும் முதற் தீர்மானஞ் செய்தல் பொருத்தமேயாம்.

செலவு மிகும் என்பர். திறந்த சாளரத்திற்குச் செலவென்ன? எனினும் இதனை ஒரே மூச்சிற் தள்ளிவிடுதற்கில்லை. குளிர்காலத்து டில்லியில் சாளரத்தைத் திறத்தல், புகைக்குப் பயந்து புகைபோக்கிக்குள் ஒளிவதை ஒக்கும். ஆங்கே வடிகட்டி வேண்டும். அதற்குப் பணமும் மின்சாரமும் வேண்டும். சித்திரை வெயிலில் சென்னையிற் சாளரத்தைத் திறந்துவைத்து மூன்று மணி நேரம் பரீட்சை எழுதுக என்பதும் எளிதன்று. ஆதலாற்றான் ஒரே எந்திரத்தை எல்லோர் மேலும் சுமத்தாது, அடைய வேண்டிய அளவை மட்டும் பொதுவாக்கி, வழியை அவ்வவ்விடத்தாருக்கு விடுதல் வேண்டும் என்கிறோம்.

வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் புகுவாரோ என்னும் அச்சம் நியாயமானதே. புகலாகாது. விறகெரிக்கும் ஏழைப் பெண்ணுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை நாமே முதலில் எதிர்ப்போம். அவளுக்கு வேண்டுவது மலிவான எரிவாயுவும் புகைபோக்கியுள்ள அடுக்களையும். அடுக்களைக்குச் சாளரம் வையாது வீடு கட்டி வாடகைக்கு விடுபவனே சட்டத்தின் முன் நிற்க வேண்டியவன். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், பூஞ்சணம் படிந்த வாடகை வீட்டிற் சுவாச நோயுற்று 2020-இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. பெற்றோர் முறையிட்டும் வீட்டுக்குரிய நிறுவனம் செவிசாய்க்கவில்லை. அதன் பயனாக 2023-இல் இயன்ற சட்டப் பகுதி அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது. ஈரமும் பூஞ்சணமும் குறித்த முறையீட்டை இத்தனை நாளுக்குள் ஆராய்ந்து தீர்க்க வேண்டுமென்று சமுதாயக் குடியிருப்பு நிறுவனங்களை அது 2025 அக்டோபர் முதல் கட்டுப்படுத்துகிறது. குழந்தை இறக்கும் வரையில் காத்திருந்து சட்டஞ் செய்தல் ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்க வேண்டுவதன்று.

கலாசாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் முதலிற் சட்டத்தின்கீழ் வரல் வேண்டும். கடைகளும் திரையரங்குகளும் மூடிய பேருந்துகளும் அடுத்து வரலாம். அளந்த எண்ணை அறையின் வாயிலில் யாவரும் காண எழுதி வைத்தல் அதன் முதல் விதியாக இருக்கட்டும். கரியமில வாயுவை அளக்குங் கருவி இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சட்டம் வருமுன்னரே பௌதிக வகுப்பு மாணவர் சிலர் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வகுப்பறை, நூல்நிலையம், விடுதியின் உணவுக்கூடம் ஆகியவற்றை அளந்து, இருந்தோர் தொகையும் திறந்திருந்த சாளரத்தின் எண்ணிக்கையும் சேர்த்து ஓராண்டு எழுதி வைக்கலாம். நம் பழைய மாணவருள் வழக்கறிஞரும் மருத்துவரும் பொறியாளரும் பலர் உளர். அக்குறிப்பேட்டை இணைத்துச் சட்டசபைக்கு விண்ணப்பம் வரைந்து தரும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.